விசா வந்துவிட்டது, வீட்டுப் பூனையை என்ன செய்வது?

குடும்ப விசா கிடைத்து, பிள்ளைகளுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கி, பீரோவை யாருக்குக் கொடுப்பது, வாஷிங் மெஷினை யார் வீட்டில் போட்டு வைப்பது என்பதெல்லாம் முடிவான பிறகுதான் நம் வீடுகளில் பூனையைப் பற்றிய பேச்சு வருகிறது. அதுவும் பிள்ளைகள் அழ ஆரம்பித்த பிறகு. அதற்குள் பயணத்துக்கு இருபது நாட்கள்தான் மிச்சம் இருக்கும். நம்மிடம் மஸ்அலா கேட்டு வருகிறவர்களும் சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறார்கள். "ஹஜ்ரத், மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டால் அது பிழைத்துக்கொள்ளாதா?" என்று கேட்கிறார்கள். சிலர் பள்ளிவாசல் ஹவுளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, கேட்காமலேயே போய்விடுகிறார்கள்.

மார்க்கச் சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், அது தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த ஒரு பெண் தண்டிக்கப்பட்டாள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாம் எல்லோரும் பயானில் கேட்டதுதான். இதையும் வேறு ஆதாரங்களையும் வைத்துத்தான் ஃபுகஹாக்கள், வளர்ப்புப் பிராணியின் தீனி அதை வைத்திருப்பவர் மீது கடமை என்று எழுதினார்கள். அவரால் இயலாவிட்டால் விற்கலாம், யாருக்காவது கொடுக்கலாம், அல்லது அது தானே இரை தேடிப் பிழைக்கும் இடத்தில் விடலாம். இந்த மூன்றாவது வழியைத்தான் நம் மக்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அது பிழைக்க வேண்டும். ஓட்டின் மேல் ஏறி எலி பிடித்துத் திரிந்த நாட்டுப் பூனை வேறு. பிறந்ததிலிருந்து மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வளர்ந்து, கிண்ணத்தில் போட்டால்தான் சாப்பாடு என்று பழகிய பூனை வேறு. அதை மீன் மார்க்கெட்டில் விட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் முதல் இரவே கடித்துக் குதறிவிடும், இல்லாவிட்டால் தெருநாய்கள். நீண்ட முடியுள்ள பெர்சியன் பூனைக்கு முடி சீவிவிட ஆளில்லாமல் போனால் சில வாரங்களில் சிக்குப் பிடித்து, அடியில் தோல் புண்ணாகிவிடும். அப்படி விடுவது மேலே சொன்ன அனுமதிக்குள் வராது என்பதே நம் கருத்து.

ஆக மிச்சம் இருப்பது இரண்டு வழிகள். கூடவே அழைத்துப் போவது. அல்லது நல்ல இடம் பார்த்து ஒப்படைப்பது. இரண்டுக்குமே இருபது நாட்கள் போதாது.

காலண்டரை முதலில் பாருங்கள்

பூனையை வெளிநாடு கொண்டுபோவதில் பணத்தைவிடப் பெரிய பிரச்சினை நாள்கணக்கு. காரணம் ரேபிஸ் என்னும் வெறிநோய். உலகில் இந்த நோயால் இறக்கும் மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நாயால்தான் பெரும்பாலும் பரவுகிறது என்றாலும் பூனைக்கும் வரும், பூனை கடித்தாலும் வரும். எனவே இந்தியாவிலிருந்து வரும் பிராணி என்றாலே பல நாடுகள் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. இதில் நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிரிட்டனில் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வரும் நாய் பூனைகளை 6 மாதம் கூண்டிலேயே அடைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். 2000-ஆம் ஆண்டுதான் அந்த முறையைத் தளர்த்தி, சிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை என்ற வழியைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் அலுத்துக்கொள்ளும் இந்தக் காகித வேலை, அந்த 6 மாதக் கூண்டுக்குப் பதிலாக வந்தது.

பிரிட்டனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். முதலில் பூனையின் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். அரிசி மணி அளவுள்ள ஒன்று. ஊசி போடுவது போலவே வைத்துவிடுவார்கள். ஐ.எஸ்.ஓ. தரத்தில், 15 இலக்க எண் உள்ளதாக இருக்க வேண்டும். அதன் பிறகு ரேபிஸ் ஊசி. இந்த வரிசை மாறக் கூடாது. சிப் வைக்கும் முன் வருடா வருடம் தவறாமல் ஊசி போட்டிருந்தாலும் அது கணக்கில் வராது. எந்தப் பூனைக்குப் போட்டார்கள் என்பதற்கு அப்போது அடையாளம் இல்லையே! சிப் வைத்த அன்றே, அதற்கு அடுத்தபடியாக ஊசி போட்டுக்கொள்ளலாம். குட்டிக்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும்.

ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டைட்டர் டெஸ்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் ஒரு மில்லிக்கு 0.5 ஐ.யூ. அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முடிவு நன்றாக வந்துவிட்டதே என்று உடனே டிக்கெட் போட முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஜனவரி 1-இல் சிப்பும் ஊசியும் போட்டால், ஜனவரி 31-இல் ரத்தம், மே மாதத் தொடக்கத்தில்தான் பயணம். இது எல்லாம் தடங்கலின்றி நடந்தால். சில பூனைகளுக்கு முதல் ஊசியில் போதிய எதிர்ப்பாற்றல் வராது. மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி ரத்தம். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் சிலர் இரண்டு ஊசி போட்ட பிறகே ரத்தம் எடுக்கிறார்கள். இன்னொன்று: ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அடுத்த ஊசியின் தேதி ஒரு நாள் தவறினாலும் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம்.

எனவே வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ கொடுத்துவிட்டு வரும்போதே கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் சிப்பும் ஊசியும் வீண்போகாது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியூர்களிலும் பூனைகளைப் பார்க்கும் தனியார் கிளினிக்குகள் இப்போது நிறைய வந்துவிட்டன. சிப் வைத்தவுடன் அங்கேயே ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லி, அந்த 15 எண்களையும் தடுப்பூசி அட்டையில் எழுதியிருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் போய் இறங்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

"ஒரு தேதிதானே, மாற்றிப் போடுங்கள்"

இந்த 4 மாதக் கணக்கைக் கேட்டவுடன் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். ஊசி போட்ட தேதியை இரண்டு மாதம் முன்னால் போட்டுக் கொடுக்கும் ஆள் இருக்கிறார், ரத்தம் எடுக்காமலே பேப்பர் வாங்கித் தரும் ஏஜென்ட் இருக்கிறார் என்று நம்மிடமே வந்து சொல்கிறார்கள். "யாருக்கு நஷ்டம் ஹஜ்ரத், பூனைக்கு நோய் இல்லையே?" என்று வேறு கேட்கிறார்கள்.

இதில் நாம் சலுகை தர வழியே இல்லை. அது பொய்ச் சாட்சியம். அதுவும் வெறும் காகிதத்தோடு நிற்கும் பொய் அல்ல. ரேபிஸ் அறிகுறி வெளிப்பட்ட பிறகு மனிதன் பிழைப்பது அரிதிலும் அரிது. கடிபட்டுப் பல வாரம், சில நேரம் பல மாதம் கழித்தும் நோய் வெளிப்படலாம். காத்திருக்கச் சொல்லும் அந்த 3 மாதம், உள்ளே ஒளிந்திருக்கும் நோய் வெளிப்பட வேண்டிய காலம். அதைத் திருடுகிறவர், தான் குடியேறப் போகும் ஊரின் பிள்ளைகளின் உயிரை வைத்து விளையாடுகிறார். பிடிபட்டால் பூனையைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது உங்கள் செலவில் தனிமைப்படுத்துவார்கள். இரண்டும் முடியாத நிலையில் கருணைக்கொலை செய்யவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. ஆசையாக வளர்த்த பிராணியைக் காப்பாற்றப் போய் அதன் உயிருக்கே உலை வைத்ததாகிவிடும்.

நாள் போதவில்லையா? நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் முதலில் போங்கள். பூனை உம்மா வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருந்து நாள்கணக்கை முடித்துக்கொண்டு பிறகு வரட்டும். ஆனால் பிரிட்டனுக்கு இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமையாளர் பயணத்துக்கும் பூனையின் பயணத்துக்கும் இடையில் 5 நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அதை வளர்ப்புப் பிராணியாகப் பார்க்காமல் வணிகச் சரக்காகப் பார்ப்பார்கள். விதிகள் இன்னும் கடுமையாகும். எனவே வாப்பா முதலில் போய் வீடு பார்த்துவிட்டு, குடும்பம் வரும்போது பூனையும் வருவது போல் திட்டமிட்டால், குடும்பத்தில் யார் பெயரில் உரிமை எழுதுவது என்பதை ஆரம்பத்திலேயே மருத்துவரிடமும் ஏஜென்டிடமும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

துபாயா, லண்டனா?

நம்மவர்கள் அதிகம் போவது வளைகுடாவுக்குத்தான். அமீரகத்துக்குப் பூனை கொண்டுபோக அங்குள்ள பருவநிலை மாற்றம் மற்றும் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் இணையவழி முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கையில் இல்லாமல் பூனை விமானம் ஏறக் கூடாது. சிப், ரேபிஸ் ஊசி, பூனைகளுக்குரிய மற்றத் தடுப்பூசிகள், இந்தியாவிலிருந்து போவதால் டைட்டர் டெஸ்ட், குடற்புழு மற்றும் உண்ணி மருந்து என்று இங்கும் பட்டியல் நீளம்தான். ஒருவருக்கு இரண்டு பிராணிகள் என்ற வரம்பும் உண்டு. நாள்கணக்குகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். எனவே போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை நம்பாமல் அமைச்சகத்தின் பக்கத்தையே பாருங்கள்.

துபாய் விமான நிலையத்துக்குப் பூனை சரக்கு விமானச் சீட்டில், அதாவது கார்கோவாகத்தான் வர முடியும். மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். (எமிரேட்ஸ் விமானத்தில் சில வழித்தடங்களில் ராஜாளிக்கு மட்டும் பயணிகள் பகுதியில் இடம் உண்டு. அரபிகளின் வேட்டைப் பறவை அல்லவா, அதற்குள்ள மரியாதை பூனைக்கு இல்லை.) அபுதாபியில் இறங்கும் எதிஹாத் போன்ற நிறுவனங்கள் சிறிய பூனைகளை எடை வரம்புக்குள் கேபினில் அனுமதிக்கின்றன. எந்த ஊரிலிருந்து, எந்த விமானத்தில் என்பதைப் பொறுத்து இது மாறும். டிக்கெட் போடும் முன் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வளைகுடாவில் வெயில் 45 டிகிரியைத் தொடும். விமானத்துக்குள் பிராணிகளை வைக்கும் அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்டே இருக்கும். பெட்டி படுக்கையோடு மூச்சு முட்ட எறிந்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். ஆபத்து, ஓடுதளத்தில் ஏற்றி இறக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். ஆகவே சில நிறுவனங்கள் கோடையில் பிராணிகளை ஏற்றவே மறுக்கின்றன. பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூனில் போகிறவர்கள் இதை முன்பே கேட்டுவிடுங்கள்.

பெர்சியன் பூனை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இப்போது அதுதான் அதிகம். தட்டை மூக்கு உள்ள இனங்களுக்கு மூச்சுப் பாதை குறுகல். பதற்றத்திலும் வெப்பத்திலும் அவை சீக்கிரம் மூச்சுத் திணறும். அதனால் பல நிறுவனங்கள் அவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதில்லை, அல்லது பெரிய கூண்டு, குளிர்காலம் என்று நிபந்தனை போடுகின்றன. தெருவில் எடுத்து வளர்த்த நாட்டுப் பூனைக்கு இந்தத் தொல்லை இல்லை. காசு கொடுத்து வாங்கியதைவிடக் காசு கொடுக்காமல் வந்தது சுலபமாக விமானம் ஏறுகிறது!

பிரிட்டனுக்கும் விமானத்தில் வரும் பூனை கார்கோவாகத்தான் நுழைய முடியும். ஹீத்ரோவில் இதற்கென்றே பிராணிகள் வரவேற்பு மையம் இருக்கிறது. அங்கே சிப்பைப் படித்து, பேப்பர்களைச் சரிபார்த்து விடுவிப்பார்கள். அரசு மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலச் சான்று வாங்கிய 10 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். குடிபெயர்ந்து போகிறவர்கள் வீட்டுச் சாமான்களுக்கு வரிவிலக்குக் கேட்டு விண்ணப்பிப்பார்கள் அல்லவா, அதே விண்ணப்பத்தில் பூனையையும் சேர்த்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசியில் பூனைக்கு வரி கட்டுகிறார்கள். சிலர் ஐரோப்பாவின் ஒரு நகரம் வரை கேபினில் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலிலோ கடலடி ரயிலிலோ காரோடு பிரிட்டனுக்குள் போகிறார்கள். சட்டப்படி சரியான வழிதான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்.

சிங்கப்பூரில் அரசுக் குடியிருப்பான எச்.டி.பி. வீடுகளில் பூனை வளர்ப்பது பல்லாண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தது. 2024 செப்டம்பர் முதல் உரிமம் பெற்று வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து போகும் பூனைக்கு அங்கே தனிமைக் காலம் உண்டு. ஜப்பானுக்கு ரத்தம் எடுத்த பிறகு 180 நாள் காத்திருப்பு. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாகப் பூனையை ஏற்பதே இல்லை. அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டில் போய் இருந்து, அங்கிருந்து மெல்போர்ன் அருகே உள்ள மிக்கில்ஹாம் மையத்தில் தனிமைக் காலம் கழித்த பிறகே வீடு. ஆஸ்திரேலியா போகும் குடும்பங்களுக்கு, பூனைக்கு இங்கேயே நல்ல வீடு பாருங்கள் என்றுதான் சொல்லிவருகிறோம்.

பள்ளிக்கரணையில் ஒரு நாள்

போகும் நாட்டின் அனுமதி ஒரு பக்கம் என்றால், நம் நாட்டை விட்டு வெளியேறவும் சான்று வேண்டும். அதைத் தருவது மத்திய அரசின் பிராணிகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றிதழ் நிலையம். சென்னையில் அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டில்லியிலும் உண்டு. தடுப்பூசி அட்டை, சிப் சான்று, டைட்டர் முடிவு, உங்கள் மருத்துவர் தந்த உடல்தகுதிச் சான்று, போகும் நாட்டின் அனுமதி, பாஸ்போர்ட், டிக்கெட் நகல் எல்லாவற்றோடும் பூனையையும் நேரில் காட்ட வேண்டும். பயணத்துக்குச் சில நாள் முன்புதான் இது நடக்கும். திருச்சி, மதுரை, கோவையிலிருந்து வளைகுடாவுக்கு நேரடி விமானம் இருக்கிறதே என்று அங்கே டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள். பூனைக்கு எந்த விமான நிலையம் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப உங்கள் டிக்கெட்டைப் போடுங்கள்.

கூண்டைப் பகையாக்காதீர்கள்

பூனைக்குக் கூண்டு என்றாலே மருத்துவரின் ஊசி என்றுதான் நினைவு. அதை மாற்ற இரண்டு மாதமாவது வேண்டும். வாங்கிய கூண்டைக் கதவைத் திறந்தபடி கூடத்தில் வைத்துவிடுங்கள். உள்ளே அது படுக்கும் பழைய துணியைப் போடுங்கள். துவைக்க வேண்டாம், அந்த வாசம்தான் அதற்குத் தைரியம். சாப்பாட்டுக் கிண்ணத்தை முதலில் வாசலில், பிறகு உள்ளே. தானாகவே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு கதவைச் சாத்திச் சில நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஆட்டோவில் தெருவைச் சுற்றி ஒரு பயணம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். நம்மைவிடப் பொறுமையாகச் செய்வார்கள்.

கூண்டு ஐயாட்டா என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி இருக்க வேண்டும். பூனை தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம்; பக்கங்களில் காற்றுத் துளைகள்; வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றக்கூடிய கிண்ணம்; அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு. கடைக்காரர் "ஃபிளைட்டுக்கு ஓகே" என்று சொல்வதை மட்டும் நம்பாமல் அளவுகளை விமான நிறுவனத்துக்கு அனுப்பிக் கேளுங்கள்.

மயக்க மருந்து கொடுத்தால் அது பாட்டுக்குத் தூங்கிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். கொடுக்காதீர்கள். வானில் ரத்த அழுத்தமும் மூச்சும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மயங்கிய பிராணியை விமான நிறுவனங்களும் ஏற்பதில்லை. பயண நாளில் சுமார் 4 மணி நேரத்துக்கு முன்பே இலேசான சாப்பாட்டை முடித்துவிட்டு, தண்ணீர் மட்டும் கடைசி வரை வைத்திருங்கள். கேபினில் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பாதுகாப்புச் சோதனையில் கூண்டை மட்டும் எக்ஸ்ரே இயந்திரத்தில் அனுப்புவார்கள், பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மார்பு வார் மாட்டி, கயிறு கையில் இருக்கட்டும். விமான நிலையத்தில் துள்ளி ஓடிய பூனையைப் பிடிப்பதற்குள் உங்கள் விமானம் போய்விடும்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். நம் பூனைகள் மத்தி, நெத்திலி போட்டுப் பிசைந்த சோற்றில் வளர்ந்தவை. லண்டன் ஃபிளாட்டில் தினமும் மத்தி அவிக்க முடியாது. அண்டை வீட்டார் விடமாட்டார்கள். போகும் நாட்டில் கிடைக்கும் கம்பெனித் தீனி எது என்று பார்த்து, இரண்டு மாதம் முன்பிருந்தே சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு. அல்லது பட்டினி கிடக்கும். பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதிலும் குண்டுப் பூனை என்றால், கல்லீரல் கெட்டுப்போகும்.

செலவு வீண்விரயமா?

வளைகுடாவுக்கே பல பத்தாயிரங்கள் ஆகும். பிரிட்டனுக்கு என்றால் லட்சத்தைத் தாண்டிவிடும். "ஏழை எளியவர் இருக்க, பூனைக்கு இவ்வளவா?" என்று குடும்பத்தில் மூத்தவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதே மூத்தவர்கள் கல்யாண மண்டப அலங்காரத்துக்கு அதைவிடப் பெரிய தொகை போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் கருத்து இது: கடன், பெற்றோர் செலவு, ஜகாத் இவை நிற்கும்போது பூனைக்கு லட்சம் செலவழிப்பது சரியில்லை. அவையெல்லாம் முறையாக நடக்கிறது, கையில் ஹலாலான பணம் இருக்கிறது என்றால் தன் பொறுப்பில் உள்ள உயிருக்குச் செலவழிப்பதை வீண்விரயம் என்று சொல்ல மாட்டோம். கிரெடிட் கார்டில் வட்டிக்கு வாங்கிக் கொண்டுபோவது மட்டும் கூடவே கூடாது. அந்த நிலையில் இருப்பவர் நல்ல வீடு பார்த்து ஒப்படைப்பதே மேல். ஏஜென்ட் வைப்பதானால் முழுப் பணத்தையும் முன்னால் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஒப்படைப்பதென்றால் விற்கலாமா? பூனையின் விலையைத் தடுத்து ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதை வைத்துக் கூடாது என்றவர்களும் உண்டு. நான்கு மத்ஹபின் பெரும்பான்மை அறிஞர்கள் வீட்டுப் பூனையை விற்பது செல்லும் என்கிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அந்தத் தடைக்குத் தந்த விளக்கங்களில் ஒன்று, பூனையை ஒருவருக்கொருவர் இனாமாகக் கொடுத்துக்கொள்ளும் வழக்கம் நிலைக்க வேண்டும் என்பதற்காக என்பது. அது நமக்குப் பிடித்திருக்கிறது. இனாமாகக் கொடுங்கள், கூடவே ஒரு மாதத் தீனியும், மணல் பெட்டியும், தடுப்பூசி அட்டையும் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய், வீட்டு அம்மாவுக்கு உண்மையிலேயே விருப்பமா என்று பாருங்கள். வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கி, பராமரிப்பு மட்டும் அம்மா தலையில் விழுந்தால் பூனை மறுபடி தெருவுக்குத்தான் வரும். வயதான, சிறுநீரகக் கோளாறு போன்ற நோயுள்ள பூனையைப் பயணத்தில் இழுத்தடிப்பதைவிட, அது பழகிய பாட்டி வீட்டில் விட்டு மாதம் செலவு அனுப்புவது அதற்கு இரக்கம்.

போய்ச் சேர்ந்த பிறகு

வாடகை ஒப்பந்தத்தில் பிராணிகள் கூடாது என்று இருந்தால் மறைத்து வைக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட நிபந்தனையைக் காப்பது நம்மீது கடமை. வீடு தேடும்போதே கேட்டுவிடுங்கள். துபாயில் மாநகராட்சியிடம் பூனையைப் பதிவு செய்து வருடாந்திர ஊசி போட வேண்டும்.

முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைத்து, தண்ணீர், தீனி, மணல் பெட்டி மூன்றையும் அங்கேயே வையுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டால் இழுக்க வேண்டாம். இரவில் தானாக வெளியே வரும். பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்த பிறகே வீடு முழுக்கத் திறந்துவிடுங்கள். அடுக்குமாடியில் புறாவைப் பார்த்துப் பாய்ந்து விழும் பூனைகள் நிறைய.

சிறிய வீட்டில் பூனையோடு தொழுகை எப்படி என்ற கேள்வியும் அங்கே போன பிறகுதான் வருகிறது. பூனை நஜீஸ் அல்ல. அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்யும் தண்ணீரைக் குடிக்க வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்து, வியந்து பார்த்த மருமகளுக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லித்தந்ததை எடுத்துச் சொன்ன செய்தி பிரபலமானது. அது வாய்வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது. ஹனஃபியில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது இலேசான மக்ரூஹ். உதிர்ந்த முடியில்தான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். ஹனஃபியில் அது சுத்தம். ஷாஃபிஈயில் இறைச்சி உண்ணப்படாத பிராணியிலிருந்து பிரிந்த முடி நஜீஸ் என்றாலும், கொஞ்சமாக ஒட்டியிருப்பது மன்னிக்கப்படும். முஸல்லாவைத் தனியாக மடித்து வையுங்கள், தொழும் முன் ஆடையை ஒருமுறை தட்டிவிடுங்கள், அது போதும். சிறுநீர் பட்ட இடத்தைக் கழுவியே ஆக வேண்டும். கர்ப்பிணிகள் மணல் பெட்டியைச் சுத்தம் செய்வதைத் தவிர்த்து வேறு யாரிடமாவது விட வேண்டும். பூனையின் மலம் வழியாக வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி கருவைப் பாதிக்கக்கூடியது.

எல்லாக் காகிதங்களையும் ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள். இந்தியாவுக்குத் திரும்பும்போது மறுபடி தேவைப்படும். வெளிநாட்டில் தொடர்ந்து 2 ஆண்டு தங்கிவிட்டுக் குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருகிறவருக்கே இரண்டு பிராணிகள் வரை கூடவே கொண்டுவரச் சலுகை இருக்கிறது. அதற்கும் பிராணிகள் தனிமைப்படுத்தல் நிலையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் போகிறவர்கள், பூனையை ஏற்றும் முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.